எந்தத் தெரு வழியா ஓடுறது

எங்க குடும்பத்தில் முதலில் ஓடியவன் நானில்லை, எங்க தாத்தா. ஊரில் பெரிய வீட்டுச் சாவு விழுந்தால் சொந்தபந்தம் இருக்கிற ஊருக்கெல்லாம் போய்க் கேதம் சொல்ல வேண்டியது அவர் வேலை. பஸ் கிடையாது. பொணத்தை எடுப்பதற்குள் சேதி போய்ச் சேரணும். நடுராத்திரியில் தட்டி எழுப்பினாலும் கையில் ஒரு கம்போடு கிளம்பிவிடுவாராம். காலில் ஒன்றும் இருக்காது. விடியறதுக்குள்ள நாலு ஊர், அஞ்சு ஊர். கேதம் சொன்ன வீட்டில் வாசலுக்கு வெளியே நிற்கவைத்து நெல்லோ பழைய சோறோ போடுவார்கள். அதற்குக் கூலி என்று பேர் கிடையாது. முறை என்று பேர்.

நான் ஓடுவது வேற. யாரும் சாகவில்லை, யாரும் துரத்தவும் இல்லை. சென்னையில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. 39 வயதில், சர்க்கரை வாசல்ல வந்து நிக்குதுன்னு டாக்டர் சொன்னதால் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமாகி, ஓட்டம் பைத்தியமாகிவிட்டது. 42.195 கிலோமீட்டர் மராத்தானை மூன்று தடவை ஓடி முடித்திருக்கிறேன். வேகமெல்லாம் இல்லை, அஞ்சு மணி நேரத்துக்குப் பக்கமா வருவேன்.

முதல் தடவை பதக்கத்தோடு ஊருக்குப் போனபோது அம்மா கேட்டது: "இம்புட்டுத் தூரம் ஓடுனா காசு குடுப்பாய்ங்களாடா?"

"இல்லம்மா, நாமதான் காசு கட்டணும்."

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. "ஒங்க தாத்தனுக்காவது நெல்லுப் போட்டாய்ங்க."

தோழர்கள் சிலரும் இதைத்தான் வேறு மாதிரி கேட்கிறார்கள். மாதச் சம்பளக்காரனின் பொழுதுபோக்கு இது, இதுக்கும் விடுதலைக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். பாதி நியாயம்தான். வயலில் பத்து மணிநேரம் குனிந்து நிமிர்ந்தவளிடம் போய் உடற்பயிற்சி பற்றிப் பேசினால் விளக்குமாற்றால் அடிப்பாள். ஆனால் மீதிப் பாதியையும் யோசிக்கணும். தலைமுறை தலைமுறையாக நம்ம உடம்பின் ஒவ்வொரு அசைவுக்கும் இன்னொருத்தன் கணக்கு வைத்திருந்தான். உழு, சுமந்து வா, பறையடி, கேதம் சொல்லு. எவனுக்கும் உதவாத ஒரு வேர்வையை நம்மாளு சிந்தினான் என்பதே கிடையாது. சும்மா ஓடுறதில் எனக்குப் பிடித்ததே அந்தச் 'சும்மா'தான். காலை நாலரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும்போது என் மூச்சு எனக்கு மட்டும் சொந்தம். இந்த ருசியை ஏன் விட்டுக்கொடுக்கணும்?

சாமான்கள் விஷயத்தில்தான் எனக்குக் குழப்பம். ஓட்டத்துக்கு ஒண்ணும் தேவையில்லை என்பார்கள், பொய். தொடை உராயாமல் இருக்க வாசலின் வேணும். விடியுமுன் ஓட நெற்றியில் கட்டுகிற விளக்கு வேணும் (எங்க ஊரில் அதைக் கட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்த ஒரு கிழவி கொள்ளிவாய்ப் பிசாசு என்று கதவைச் சாத்திவிட்டது). எல்லாத்துக்கும் மேலே ஷூ. நான் வாங்கிய முதல் நல்ல ஷூ ஆறாயிரம் ரூபாய். அதன் நுரை 500 முதல் 800 கிலோமீட்டர் வரைக்கும்தான் உழைக்கும். மேலே கிழிந்திருக்காது, பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். உள்ளே நுரை செத்திருக்கும். முட்டிதான் முதலில் சொல்லும். பெரிய வீரர்களின் ஷூவில் நுரைக்கு நடுவே கார்பன் தகடு. 2019 அக்டோபர் 12 இல் வியன்னாவில் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மராத்தான் தூரத்தைக் கடந்தபோது காலில் இருந்தது அப்படிப்பட்டதுதான். அதன் பிறகு 2020 இல் உலகத் தடகளச் சங்கம் சாலை ஓட்ட ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி போட்டது. எங்க ஊர்த்தெருவிலும் ஒரு விதி இருந்தது: சுழி மில்லிமீட்டர்.

என்னோடு ஓடுகிற நண்பர் ஒருவர் ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டார். வெறுங்காலுதான் இயற்கை, ஷூ கம்பெனிக்காரன் சதி என்பார். ஆதாரமும் வைத்திருக்கிறார். 2010 இல் லிபர்மன் என்ற ஆய்வாளர், வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார்கள், குதிகாலில் விழுகிற அடி அவர்களுக்கு இல்லை என்று எழுதினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதே பிகிலா 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடினார், மூன்று நிமிடம் குறைவாக ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார். அதை நண்பர் சொல்வதில்லை.

ஒருநாள் அவர் சட்டையும் இல்லாமல், முழங்காலுக்கு மேலே ஏறிய கால்சட்டையோடு, வெறுங்காலில் என் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு எப்பவோ படித்தது ஞாபகம் வந்துவிட்டது. 1930 டிசம்பரில் எங்க ராமநாதபுரத்துப் பக்கம் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதிக்காரர்கள் எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 சனத்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஹட்டன் தன் புத்தகத்தில் அந்தப் பட்டியலைப் பதிந்திருக்கிறார். ஆம்பளைங்க முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. நண்பர் அந்தப் பட்டியலை அப்படியே நிறைவேற்றிக்கொண்டு சந்தோஷமாக ஓடுகிறார்! அவருக்கு அது கழற்றி எறிகிற விடுதலை. போட்டுப் பார்த்தவன்தானே கழற்ற முடியும்?

எங்க அய்யா டயர் செருப்புப் போடுவார். லாரி டயரை அறுத்துத் தைத்தது, கல்லு மாதிரி கனக்கும். எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும், அவரோடு பஸ்ஸுக்குப் போவேன். ஊர்த்தெரு முக்கு வந்ததும் பேச்சை நிறுத்தாமலே குனிந்து செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். தெரு தாண்டியதும் பேச்சை நிறுத்தாமலே மாட்டிக்கொள்வார். சித்திரை வெயிலில்கூட. அந்தப் பேச்சு அறுபடாததைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

இப்ப சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இல் வந்தது. 2015 திருத்தத்தில், பொது இடத்தில் ஒரு தலித் செருப்புப் போடுவதையோ புதுத்துணி உடுத்துவதையோ சைக்கிளில் போவதையோ தடுப்பது குற்றம் என்று தெளிவாகவே எழுதினார்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறை. இப்படி ஒரு வரியை 2015 இலும் எழுத வேண்டியிருந்தது.

இனி என் யோக்கியதைக்கு வருகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் காலையில் ஓடுவேன். எங்க காலனியிலிருந்து தார்ரோட்டுக்கு ஊர்த்தெரு வழியாப் போனால் முன்னூறு மீட்டர். நான் எப்பவும் கண்மாய்க்கரை வழியாகவே ஓடினேன். சுற்றிப்போனால் ஒன்றரைக் கிலோமீட்டர். கரை நல்ல இடந்தான். விடியலில் நீர்க்காக்கைகள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மண் மெத்தென்று இருக்கும். சீமைக்கருவேல முள்ளு மட்டும் ஷூவின் முப்பது மில்லிமீட்டர் நுரையையும் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். மண்ணில் ஓடினால் முட்டிக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அஞ்சு வருசம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா மகன் சிவகங்கையில் கல்லூரியில் படிக்கிறான், 5,000 மீட்டர் ஓடுகிறவன். 2023 பொங்கலுக்கு அவனும் கூட வந்தான். "ஏன் மாமா கரையில சுத்துறீங்க?"

"முட்டிக்கு நல்லதுடா."

சிரித்தான். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் ரெண்டு பேரும் ஊர்த்தெருவுக்குள் ஓடினோம், ஷூ காலோடு. சாவடியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் சத்தமாகக் கேட்டார்: "என்னடா, யாரு வீட்டுக் கேதம்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். கழற்றச் சொல்லவில்லை, தடுக்கவில்லை, கை வைக்கவில்லை. வெறும் கேள்விதான். கேள்விக்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. என் தாத்தாவின் ஓட்டத்தை அந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை, என் ஓட்டத்துக்கும் அதே ஒரு அர்த்தம்தான் அதனிடம் இருக்கிறது.

எங்களைப் போன்றவன் ஓடினால் காரணம் கேட்பது எங்க ஊரோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 2020 பிப்ரவரி 23 அன்று அகமது ஆர்பெரி என்கிற 25 வயதுக் கறுப்பின இளைஞன், வீட்டிலிருந்து ரெண்டு மைல் தள்ளி ஒரு குடியிருப்புத் தெருவில் ஓடினான். திருடன் என்று வண்டியில் விரட்டிச் சுட்டுக் கொன்றார்கள். வெள்ளையர் மூவருக்கும் 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை. அவன் பிறந்தநாளான மே 8 அன்று, செத்த தேதியின் நினைவாக, பல ஊர்க்காரர்கள் 2.23 மைல் ஓடினார்கள். ஊரடங்கு சமயம். நானும் மொட்டைமாடியில் சுற்றிச்சுற்றி மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஓடினேன். ஜார்ஜியாத் தெருவுக்காக ஓடியவன், சொந்த ஊர்த்தெருவுக்குள் கால்வைக்க இன்னும் மூணு வருசம் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததையும் சொல்லணும். மச்சான் அந்தத் தெருக்காரர் ஒருவரின் டிராக்டரை ஓட்டுகிறவர். அவரைக் கூப்பிட்டு, "ஒன் மகன் ரொம்ப ஓடுறானாமே" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் நான் பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் முழுக்க இதேதான் ஓடியது. மகத்தில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரோடு போய்க் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தவர்களுக்கு அன்றைக்கே அடி விழுந்தது, ஊர் திரும்புகிற வழியிலும் விழுந்தது. ஆனால் அவர்கள் மாநாடு கூடிப் பேசிப் போனவர்கள். அடி வாங்கியவன் தானும் தண்ணீர் குடித்தவன். நான் யாரைக் கேட்டு ஓடினேன்? என் தைரியத்துக்கு மச்சான் ஏன் பட்டினி படுக்கணும்? அப்படியென்றால் எல்லோரும் சம்மதிக்கிற வரைக்கும் கரையிலேயே ஓடிக்கொண்டிருப்பதா? அய்யாவும் இப்படித்தானே நினைத்திருப்பார், என்னைக் கையில் பிடித்துக்கொண்டு? அவரது கோழைத்தனம் என்று நான் காலமெல்லாம் நினைத்தது, பிள்ளையைக் காப்பாற்றுகிற கணக்காகவும் இருந்திருக்கலாம். ரெண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் மருமகனிடம் போனில் சொன்னேன். இனிமே கரையிலேயே ஓடுடா என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான். "நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க மாமா. இங்க இருக்கப்போறவன் நான். ஓடச் சொல்றதுக்கும் ஒங்களுக்கு உரிமை இல்ல, ஓடாதன்னு சொல்றதுக்கும் இல்ல. நாங்க பேசிக்கிறோம்."

பேசினார்கள். காலனியில் பத்து நாள் பேசியிருக்கிறார்கள். அக்கா ஒத்துக்கொண்டது. மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை, என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. டிராக்டர் வேலை போகவில்லை. அடுத்த போகத்துக்குக் கூப்பிடுவார்களா என்ற பயம் மட்டும் ஒவ்வொரு போகத்துக்கும் வருகிறது.

மாசிக் கடைசியில் போன் வந்தது. "மாமா, அஞ்சு பேரு ஓடுறோம். ரெண்டு பேருக்கு ஷூ இல்ல. ஒங்ககிட்ட பழசு இருக்கா? சைஸ் எட்டும் ஒம்போதும்."

அலமாரியில் மூன்று ஜோடி இருந்தது. மூன்றும் ஒன்பது. 700 கிலோமீட்டர் ஓடிய ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தேன், நுரை செத்திருந்தது, வைத்துவிட்டேன். மற்ற ரெண்டும் இன்னும் தாங்கும். எட்டாம் நம்பர் காலுக்கு ரெண்டு சாக்ஸ் போட்டுக்கச் சொல்லிப் பார்சல் கட்டினேன்.