கழுத்துப்பட்டை

கவரைப்பேட்டை அருகே எங்கள் கம்பெனி வேன் வேகத்தைக் குறைத்தபோது பின்னால் வந்த டிரெய்லர் இடித்தது. ரத்தம் இல்லை. கண்ணாடிகூட உடையவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய் அன்றைக்கு ஷிஃப்டும் பார்த்தேன். மறுநாள் காலையில்தான் கழுத்து திரும்பவில்லை.

இரண்டு வருஷம் ஆச்சு. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எதிலும் ஒன்றுமில்லை. பின்னால் லாரி ஹாரன் கேட்டால் தோள் தானாக மேலே ஏறிக்கொள்ளும். வேனில் கடைசி சீட்டில் உட்கார மாட்டேன். "நல்லாத்தானப்பா இருக்க" என்பார் சூப்பர்வைசர். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறார்.

பொன்னேரி கோர்ட்டில் நஷ்ட ஈட்டு வழக்கு. நான் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முன்னால் வக்கீல் சொன்னார்: "தம்பி, காலர் போட்டுட்டு வந்துடு." அதைக் கழற்றி ஒன்றரை வருஷமாகிறது. வலி நிஜம், காலர் பொய். நிஜத்தை நம்பவைக்க ஒரு பொய்யை மாட்டிக்கொள்ளலாமா?

சட்டத்துக்கு இரக்கமில்லை என்று சொல்ல முடியாது. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலி, துன்பம், மன அதிர்ச்சி எல்லாவற்றையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்த்துத்தான் சொன்னது. ஆனால் ஊனத்துக்குச் சதவீதம் கேட்பார்கள். ஹாரனுக்கு நடுங்குவது எத்தனை சதவீதம்?

1996-ல் லான்செட் இதழில் வந்த லிதுவேனிய ஆய்வு ஒன்று உண்டு. பின்னாலிருந்து இடிபட்ட 202 பேரை ஒன்று முதல் மூன்று வருஷம் கழித்து விசாரித்தார்கள். விபத்துக் காப்பீடு பெரிதாகப் புழங்காத நாடு. அவர்களின் நீடித்த கழுத்துவலி, விபத்தே காணாதவர்களுடையதைவிடக் குறிப்பிடும்படி அதிகமில்லை. படித்ததும் கோபம் வந்தது, அப்புறம் பயம். என் வலியை இந்த வழக்குதான் வளர்க்கிறதா? வாய்தாவுக்கு வாய்தா "எங்க வலிக்குது" என்று கேட்டால், உடம்பு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்காதா? அந்த ஆய்வுக்கு விமர்சனங்களும் உண்டு. அது சரியே என்று வைத்துக்கொண்டாலும், எதிர்பார்ப்பில் வளர்ந்த வலி நடிப்பாகிவிடாது. பயத்தில் வேர்க்கிறதே, அது நடிப்பா?

காலர் விஷயத்தில் என்னைத் தடுத்தது நேர்மை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். நான் போட்டுக்கொண்டு போனால், நாளைக்குக் காலர் இல்லாமல் வந்து நிற்கிறவனை யார் நம்புவார்கள்?

ஆனாலும் பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். கூண்டில் நின்றபோது எதிர்த்தரப்பு வக்கீல் இடப்பக்கமிருந்து கூப்பிட்டார். பழக்கத்தில் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பினேன்.

"என்ன சார், நடிக்கிறீங்களா?" என்றார்.