கடை வாசலும் உடை விதியும்

கடை நடத்தும் ஒருவர், தம் கடைக்குள் வருவோர் இன்னவாறுதான் உடுத்தியிருக்க வேண்டும் என்று விதிக்கலாமா என்னும் கேள்வி, மேலோட்டமான பார்வைக்குச் சொத்துரிமை சார்ந்த சிறு வழக்காகவே தோன்றும். ஆனால், ஒரு சமய நெறி யாரைக் கட்டுப்படுத்தும், பொருள் விற்பதற்காகத் திறந்த வாசல் திறந்தவருக்கு எவ்வளவு சொந்தம், ஒருவருடைய பார்வையின் தூய்மைக்கு மற்றவருடைய உடல் எந்த அளவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் பழைய சிக்கல்கள் அதனுள் பின்னிக் கிடக்கின்றன. இவற்றைப் பிரித்தறிவதற்குக் கொச்சியின் மட்டாஞ்சேரியைப் போல் பொருத்தமான இடம் தென்னாட்டில் அரிது. ஏனெனில் கொங்கணிப் பிராமணர், குஜராத்தி வணிகர், சமணர், கச்சி மேமன்கள், யூதர், சிரியக் கிறித்தவர், தமிழர் எனப் பல சமூகத்தார் தத்தம் வழிபாட்டிடங்களையும் கடைகளையும் நடந்து சென்றடையும் தொலைவுக்குள் வைத்துக்கொண்டு, ஒருவர் வாசலில் மற்றவர் ஏறி இறங்கிப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஊர் அது.

மட்டாஞ்சேரியின் யூதத் தெருக் கடைசியில், 1568இல் எழுந்த பரதேசி சினகாக், அதாவது அயல்நாடுகளிலிருந்து வந்து குடியேறிய யூதர்களின் ஜெபாலயம், டச்சு அரண்மனை எனப்படும் மட்டாஞ்சேரி அரண்மனையின் பழையன்னூர் பகவதி கோயிலை ஒட்டி நிற்கிறது. தோள் தெரியும் மேலாடையோடும் அரைக்கால் சட்டையோடும் அதற்குள் செல்ல இயலாது. காலணியையும் வெளியிலேயே கழற்ற வேண்டும். காலணி கழற்றும் இவ்வழக்கம் உலகின் பிற ஜெபாலயங்களில் பொதுவாகக் காணப்படாதது. கொச்சி யூதர்கள் இந்த மண்ணில் வாழ்ந்து, சுற்றியிருந்த கோயில்களையும் பள்ளிவாசல்களையும் பார்த்து மேற்கொண்டதாகவே அதைக் கருத வேண்டியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த, கையால் நீல வண்ணம் தீட்டப்பட்ட தரை ஓடுகளும் அதனால் பிழைத்திருக்கின்றன என்பது உபரி நன்மை. இந்த விதிகள் எல்லாம் ஜெபாலயத்தின் வாசலோடு நின்றுவிடுகின்றன. அதே தெருவில் பழம்பொருளும் நறுமணப் பொருளும் காஷ்மீரச் சால்வையும் பூத்தையல் துணியும் விற்கும் கடைகளின் படியை, ஜெபாலயத்துக்குள் விடப்படாத அதே உடையில் ஒருவர் ஏறலாம். புனிதத்துக்கு ஒரு வாசலும் வணிகத்துக்கு வேறொரு வாசலும் என்று யாரும் எழுதிவைக்காமலேயே அந்தத் தெரு பிரித்துக்கொண்டது.

இதே யூத சமயத்தைச் சார்ந்த வேறொரு தெரு அவ்வாறு பிரித்துக்கொள்ள மறுத்தது. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், வில்லியம்ஸ்பர்க்கின் லீ அவென்யூவில், ஹசீதியர் எனப்படும் கடும் ஆசார யூதர்கள் நடத்திய ஏழு கடைகள், அரைக்கால் சட்டை, வெறுங்கால், கையில்லா மேலாடை, கழுத்து இறங்கிய சட்டை ஆகியவற்றோடு வருவோருக்கு அனுமதியில்லை என்று பலகை வைத்தன. பலகைக்குப் பின்னே நின்றது, யூத மரபில் ட்ஸ்னியூத் எனப்படும் அடக்க நெறி. உடையிலும் பேச்சிலும் நடையிலும் தன்னை முன்னிறுத்திக் காட்டாமல் ஒழுகுவது என்று அதை விளக்கலாம். நகர மனித உரிமை ஆணையம் 2012இல் அக்கடைகள் மீது நடவடிக்கை எடுத்தது. அந்த விதி, சொல்லளவில் பொதுவாக இருந்தாலும், பெண்களையும் அச்சமயத்தைச் சாராதவர்களையும் குறிவைக்கிறது என்பது ஆணையத்தின் வாதம். விலையுயர்ந்த உணவகங்கள் கோட்டு அணியாத ஆண்களைத் திருப்பி அனுப்பலாம் என்றால், மளிகைக்கடை மட்டும் ஏன் கூடாது என்பது கடைக்காரர் தரப்பின் எதிர்வாதம். 2014 ஜனவரியில் அபராதமின்றி முடிந்த உடன்பாட்டின்படி, அடக்கமான உடை வரவேற்கப்படுகிறது என்று கடைகள் எழுதிக்கொள்ளலாம்; ஆனால் யாவரும் வேறுபாடின்றி வரலாம் என்பதையும் உடன் எழுத வேண்டும்.

கடைக்காரர் தரப்பின் எதிர்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கோட்டு கேட்கும் உணவகம் செல்வத்தைக் காக்கிறது. அடக்கம் கேட்கும் மளிகைக்கடை, குறைந்தபட்சம், மனச்சான்று என்று தான் நம்புவதைக் காக்கிறது. இவ்விரண்டில் பின்னதே மதிப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. முன்னதைப் பொறுத்துக்கொண்டு பின்னதை மட்டும் தண்டிக்கும் சமுதாயம் பணத்துக்குக் காட்டும் மரியாதையைப் பக்திக்குக் காட்ட மறுக்கிறது. ஆயினும் இவ்வாதத்திலிருந்து கிடைப்பது, இரண்டு விதிகளும் ஒருசேரக் கேள்விக்குரியவை என்னும் முடிவே அன்றி, இரண்டும் சரி என்னும் முடிவு அன்று. வணிகர்க்குரிய அறத்தைச் சொல்லும் குறளை வள்ளுவர் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்திருக்கிறார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. வருபவர் யார் என்று பாராமல் ஒரே அளவையில் அளந்து தருவதுதான் வணிகத்தை வழிப்பறியிலிருந்தும் சலுகையிலிருந்தும் வேறுபடுத்துகிறது. வழிபாட்டிடமோ எதையும் அளந்து தருவதில்லை. அதற்குள் நுழைபவர், அங்கு கூடுவோர் புனிதமென்று போற்றும் ஒன்றின் முன் விருந்தினராக நிற்கிறார். அந்த வேளைக்கு அவர்களின் ஒழுங்கை ஏற்பது அவருக்குக் குறைவாகாது. அரிசியும் சோப்பும் வாங்க வருபவர் எவருடைய விருந்தினரும் அல்லர்.

பார்வை பற்றிய சிக்கல் இதைவிட ஆழமானது. தம் கண் கெடாமல் இருக்க மற்றவர் மூடிக்கொண்டு வரவேண்டும் என்று கேட்பவர், சமயத்தின் பெயரால் அதைக் கேட்கும்போது, அச்சமயங்களின் மூல நூல்கள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதையும் பார்க்க வேண்டியவராகிறார். குர்ஆனின் 24ஆம் அத்தியாயம், பெண்களின் உடையைப் பற்றிப் பேசும் முன்பே, ஆண்கள் தம் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிடுகிறது. மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவு, இச்சையோடு பார்க்கும் கண்ணைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. திருக்குறளின் பிறனில் விழையாமை அதிகாரம் முழுவதும் அறிவுரை பெறுபவன் பார்ப்பவனே. உடையில் அடக்கம் வேண்டாம் என்று இந்நூல்கள் சொல்லவில்லை; ஆனால் அடக்கம் என்பது, கடைப்பிடிப்பவர் தம்மீது தாமே விதித்துக்கொள்ளும்போதுதான் அறமாகிறது. வாசலில் பலகை மாட்டி அயலார்மீது சுமத்தும்போது அது விதித்தவருக்குப் புண்ணியமும் தருவதில்லை, ஏற்றவருக்கு ஒழுக்கமும் கற்பிப்பதில்லை.

இருந்தும், உடை விதிகளின் உண்மையான இயல்பை இத்தகைய தத்துவ விசாரணையைக் காட்டிலும் கேரளத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவி வர்மர் யூத வணிகர் தலைவரான ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு, இன்று பரதேசி ஜெபாலயத்தில் காக்கப்படுவது, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. பகல் விளக்கு, நடைவிரிப்பாகிய பாவாடை, பல்லக்கு, குடை முதலிய 72 உரிமைகளை அது அளிக்கிறது. குடை பிடிப்பதும் துணி விரித்து நடப்பதும் அரசர் கொடுத்தாலன்றிக் கிடைக்காத ஒரு சமுதாயத்தை அது காட்டுகிறது. உடலின் மேலும் உடலைச் சுற்றியும் இருப்பவை யாவும் அங்கு படிநிலையின் எழுத்துகளாக இருந்தன. அதே மனப்போக்கின் கொடிய முகம் 19ஆம் நூற்றாண்டில், கொச்சியின் அண்டை நாடாகிய திருவிதாங்கூரின் தென்பகுதியில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தில் வெளிப்பட்டது. மேலாடை அணிந்த நாடார் பெண்கள் சந்தைகளிலும் தெருக்களிலும் தாக்கப்பட்டு, அவர்களின் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1859 ஜூலை 26ஆம் நாள் வெளிவந்த அரச அறிவிப்பு அவர்களுக்கு மேலாடை உரிமையை வழங்கியபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்னும் நிபந்தனையைக் கைவிடவில்லை. இன்றைய பலகைகள் தோளை மூடச் சொல்கின்றன, அன்றைய வழக்கம் தோளைத் திறக்கச் சொன்னது; இரண்டிலும் உடுத்துபவரின் விருப்பம் கணக்கில் இல்லை.

கோயிலுக்குள்ளும் இந்த ஐயம் எழாமல் இல்லை. கேரளத்தின் பல கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்னும் வழக்கம், பூணூல் அணிந்தவரையும் அணியாதவரையும் பிரித்தறிவதற்காக ஏற்பட்டது என்றும், அதைக் கைவிட வேண்டும் என்றும் சிவகிரி மடத்தின் தலைவர் சுவாமி சச்சிதானந்தா 2024 டிசம்பர் இறுதியில் சிவகிரி யாத்திரை மாநாட்டில் கூறியதும், முதலமைச்சர் பினராயி விஜயன் அதை ஆதரித்ததும், நாயர் சமுதாய அமைப்பு எதிர்த்ததும் அண்மைக்கால நிகழ்ச்சிகள். மட்டாஞ்சேரி ஜெபாலயமும் இத்தகைய குறையிலிருந்து விலகி நின்றதில்லை. மெஷுக்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்கள், அங்கே இருக்கைகளில் அமரும் உரிமையின்றி ஒதுக்கப்பட்டிருந்தனர். அவ்வழியில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்திய வழியில் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து அத்தடைகளைத் தளர்த்தினார். தோளை மூடுக என்னும் விதியை எவரும் ஒரு துண்டால் நிறைவேற்றிவிடலாம்; இன்னாருக்குப் பிறந்தவர் அமரலாகாது என்னும் விதியை எந்தத் துணியாலும் நிறைவேற்ற முடியாது. உடை விதி எப்போது முதல் வகையிலிருந்து நழுவி இரண்டாம் வகைக்குள் விழுகிறது என்பதைக் கண்டுகொள்வதே ஆய்வாளரின் வேலை. அது விழுவது பெரும்பாலும் கடை வாசலில்தான்.

இந்திய அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டிக் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் எந்தக் குடிமகனையும் தடுக்கலாகாது என்கிறது. கடை என்பது விலைக்குச் சேவை தரும் எவரையும் குறிக்கும் விரிந்த பொருளில் ஆளப்பட்டது என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். எனினும் அந்தப் பட்டியலில் உடை இல்லை. சாதியைச் சொல்லித் தடுக்க முடியாதவர், சட்டையைச் சொல்லித் தடுக்கலாம். 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் வேட்டி அணிந்திருந்த காரணத்தால் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்துக்குள் அனுமதிக்கப்படாதபோது இந்த இடைவெளி ஊரறியத் தெரிந்தது. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம், வேட்டியையோ பிற இந்திய மரபு உடையையோ காரணமாகக் காட்டிப் பொது இடங்களில் நுழைவை மறுப்போருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தடுக்கப்பட்டவர் நீதிபதியாக இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு விரைவு இருந்திருக்குமா என்று கேட்பது பொருந்தாத கேள்வி அன்று. 2024 ஜூலையில் பெங்களூரின் வணிக வளாகம் ஒன்று வேட்டி கட்டிய முதிய விவசாயியைத் திரைப்படம் பார்க்க விடாமல் நிறுத்தியது. கர்நாடக அரசு அவ்வளாகத்தை ஏழு நாள் மூட உத்தரவிட்டது. 2018இல் கோழிக்கோட்டில் கைலி அணிந்தவருக்கு ஓர் உணவகத்தில் நுழைவு மறுக்கப்பட்டபோது, கைலி அணிந்தே பலர் திரண்டு எதிர்ப்புக் காட்டினர். இந்நிகழ்ச்சிகளில் எதிலும் அடக்கமின்மை பேச்சாகவே இல்லை. வேட்டியும் கைலியும் உடலைப் போதுமான அளவுக்கு மூடுகின்றன. தடுக்கப்பட்டது வகுப்பு.

பாதுகாப்பையும் நலத்தையும் முன்னிட்ட விதிகள் வேறு. நகைக்கடையில் தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்வதும், 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசமின்றி வருவோரைக் கடைகள் நிறுத்தியதும் பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பதற்காக எழுந்தவை. காரணம் நீங்கியதும் முகக்கவச விதி நீங்கியதே அதன் நேர்மைக்குச் சான்று.

மடித்துக் கட்டிய முண்டினை, பெரியவர் எதிரே வரும்போது, இறக்கிவிடும் மலையாளியின் வழக்கத்துக்கும், அதுபோன்ற இடத்தில் வேட்டியை இறக்கிவிடும் தமிழனின் வழக்கத்துக்கும் எந்த வாசலிலும் பலகை இருந்ததில்லை. இறக்காதவருக்குக் கடையில் சரக்கு மறுக்கப்பட்டதும் இல்லை. மரியாதை இவ்வாறு ஒருவர் தாமாகத் தரும்போது மட்டுமே மரியாதை என்பதால், கடைக்காரர் தம் சமய உணர்வைச் சொல்லி வேண்டுகோள் வைக்கலாம், அதைப் படிப்பவர் இணங்கலாம் அல்லது இணங்காமல் போகலாம், இருவகையிலும் பொருள் அதே விலைக்கு அவர் கைக்கு வரவேண்டும். தமிழகத்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இந்நெறியைப் பாதியளவே எட்டியிருக்கிறது. மரபின் பெருமைக்குரிய உடையை அது காக்கிறது, உழைப்பின் அழுக்குப் படிந்த உடையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டை சுமப்பவரும், கொச்சிக் கோட்டை வெளியின் தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகப் பிறர் துணியை வெளுத்துத் தரும் தமிழ் வண்ணாரும், வேலை முடிந்த அதே கோலத்தில் எந்தக் கடைக்குள்ளும் எந்த உணவகத்துக்குள்ளும் செல்லலாம் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லும் சட்டத்தைக் கேரளச் சட்டமன்றமும் தமிழகச் சட்டமன்றமும் இயற்ற வேண்டும். அதில் வேட்டிக்கு முன்பாகக் கைலியின் பெயர் எழுதப்பட வேண்டும்.