சுவிட்ச் யார் கையில்?

ஜெர்மனியில் 2024 ஜனவரி 1 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. வீட்டில் புதிதாக மின்சாரக் கார் சார்ஜர் பொருத்துகிறவர், அந்த வட்டாரத்துக் கம்பிகளில் சுமை மீறினால் சார்ஜரின் வேகத்தை மின்விநியோக நிறுவனம் தொலைவிலிருந்தே குறைக்க ஒப்புக்கொள்ள வேண்டும். பதிலுக்கு மின்கம்பிக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. ஆண்டுக்கு ஏறக்குறைய 110 முதல் 190 யூரோ வரை.

மலேசியா அந்த அளவுக்குப் போகவில்லை. மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் 2025 ஜூலைக் கட்டண முறையில், விரும்பும் வீட்டார் மட்டும் நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறலாம். வாரநாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை மின் உற்பத்திக் கட்டணம் மட்டும் யூனிட்டுக்கு 28.52 சென், மற்ற நேரத்தில் 24.43 சென். நான்கு சென் வித்தியாசத்துக்காக எத்தனை பேர் இரவு பத்து மணி வரை காத்திருப்பார்கள்? தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் மின்சாரக் கார்களைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. அதே பேராக் மாநிலத்தில், ஈப்போவின் தாமான் குடியிருப்புகளில் ஒரே வரிசையில் பல வீடுகள் மாலை ஏழு மணிக்குச் சார்ஜரைச் செருகும் காலம் தொலைவில் இல்லை. ஒரு சார்ஜர் ஏழு கிலோவாட் இழுக்கும். பல ஏர்கோன்கள் சேர்ந்து இழுப்பதற்குச் சமம். டிரான்ஸ்பார்மர் தாங்காமல் போனால் காரே இல்லாத வீடும் இருளும். ஆகவே கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பேராக்கில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வலி உண்டு. பேராக் ஆற்றில் செண்டரோ அணையைக் கட்டி எடுத்த மின்சாரம் 1930 வாக்கிலேயே கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போனது. பால்மரத் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களோ அதற்குப் பிறகும் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தன. மின்சாரம் தரும் இஞ்சின் வந்த தோட்டங்களிலும் பலவற்றில் மாலையில் சில மணி நேரம்தான் வெளிச்சம். பல்பு மங்கிச் சிவந்தால் இஞ்சினை நிறுத்துகிறார்கள் என்று பொருள். படிக்கிற பிள்ளை புத்தகத்தை மூட வேண்டியதுதான். எப்போது அணைப்பது என்று லயத்தாரை யாரும் கேட்டதில்லை. ஏன் என்று அவர்கள் கேட்கவும் வழியில்லை.

அந்த நிலைக்கும் ஜெர்மன் விதிக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்க்க வேண்டும். அங்கே சார்ஜர் ஒருபோதும் முழுதாக நிற்காது, 4.2 கிலோவாட் கட்டாயம் கிடைக்கும். அந்த வேகத்தில் மூன்று மணி நேரம் ஏற்றினால் ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போய்த் திரும்பிவிடலாம். வீட்டு விளக்கிலும் அடுப்பிலும் நிறுவனம் கை வைக்க முடியாது. கம்பியில் இடமில்லை என்று காரணம் காட்டி இணைப்பைத் தள்ளிப்போடவும் முடியாது. அதிகாரத்துக்கு எல்லை எழுதப்பட்டிருக்கிறது என்பதே பெரிய வேறுபாடு.

தள்ளுபடிதான் அதிகம் உறுத்துகிறது. ஜெர்மனியில் அந்தத் தொகை மற்ற மின்பயனாளர் எல்லார் மீதும் பகிரப்படுகிறது. இங்கே அப்படிச் செய்தால் யார் கொடுப்பார்கள்? தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது வெளியேறி, மலிவு விலை அடுக்ககத்தின் நான்காம் மாடியில் குடியிருக்கும் குடும்பமும் கொடுக்கும். சார்ஜர் மாட்ட அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கீழே கிடையாது. புதிய டிரான்ஸ்பார்மர் வாங்கும் செலவு உண்மையிலேயே மிச்சமானால், அந்த மிச்சத்தில் ஒரு பங்கைச் சார்ஜர் வைத்திருப்பவருக்குத் தருவது முறை. மிச்சம் எதுவும் இல்லாமல் தள்ளுபடி மட்டும் தொடர்ந்தால், அது இல்லாதவரிடம் வாங்கி இருப்பவருக்குக் கொடுப்பது.

இரவுப் பணிக்குப் போகும் தாதியர் மாலையில்தான் காரை ஏற்ற முடியும். அவரிடம் எதையும் பிடுங்காமல் இந்த ஏற்பாடு நடக்க வேண்டுமானால், எந்த நாளில், எவ்வளவு நேரம், எதற்காகக் குறைத்தார்கள் என்பது மாத பில்லிலேயே அச்சாகி வர வேண்டும். ஒரே தெருவில் மீண்டும் மீண்டும் குறைக்க நேர்ந்தால், அங்கே கம்பியைப் பெரிதாக்கும் கடமை நிறுவனத்துக்கு ஒரு கெடுவுடன் விதிக்கப்பட வேண்டும்.