முன் வண்டியின் காற்று மறைவு

தொண்ணூறுகளில் டிவியில் கேசட் செருகி வீடியோ கேம் ஆடியவர்கள் யாரும் ‘ரோடு ஃபைட்டர்’ ஆட்டத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1984-ல் கொண்டுவந்தது. நம் ஊர்க் கடைகளுக்கு அது ஊர்பேர் தெரியாத கேசட்டுகளில், நூறு ஆட்டங்களுக்கு நடுவே ஒன்றாக வந்து சேர்ந்தது. மேலிருந்து பார்க்கிற சாலை. நம்முடையது சிவப்புக் கார். வேகம் 400 வரை ஏறும். மோதி வெடித்தாலும் கார் மறுபடி வந்துவிடும். பெட்ரோல் தீர்ந்தால்தான் ஆட்டம் முடியும்.

அந்த ஆட்டத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது. எதிர்ப்படுகிற அத்தனை பேரும் இடைஞ்சல். சிலர் தம் பாட்டுக்குப் போவார்கள், சிலர் வேண்டுமென்றே குறுக்கே வருவார்கள். தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும். யாரைத் தாண்டினோம் என்று திரும்பிப் பார்க்க வழியில்லை. திரையின் கீழ் விளிம்பில் போய் மறைந்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பு மார்க், கட்-ஆஃப், வேலைக்கான போட்டித் தேர்வு என்று வளர்ந்த எங்களுக்கு இதில் விசித்திரம் ஏதும் தெரியவில்லை. அடுத்தவர் என்றால் தாண்ட வேண்டியவர், அவ்வளவுதான்.

இந்த எண்ணத்தை நான் சந்தேகிக்க ஆரம்பித்தது புதூர்நாட்டுக்கு ஆசிரியராக வந்த பிறகு. திருப்பத்தூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிற சாலையின் உச்சியில், ஜவ்வாது மலையின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது ஊர். பக்கத்திலேயே நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. இங்கே வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளி என்று பட்டியலில் குறிக்கப்படும் பழங்குடி மக்கள். சாமை விதைப்பார்கள், புளி உலுக்குவார்கள், பலா காய்க்கும். வேலை தேடிப் போகிறவர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் காபித் தோட்டங்களுக்கும் போகிறார்கள்.

அப்படிப் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன ஒருவர் பொங்கலுக்கு வந்தபோது தம்பிக்கு ஒரு கேம் ஸ்டிக் வாங்கி வந்திருந்தார். டிவியின் பின்னால் செருகுகிற, பென் டிரைவை விடக் கொஞ்சம் பெரிய சமாச்சாரம். பழைய ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் அடைத்து விற்கிறார்கள். அந்தத் தம்பி என் மாணவன். வீட்டுக்கு ஒருநாள் போனபோது சாமை மூட்டைகளுக்கு நடுவே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கையில் கொடுத்த கன்ட்ரோலரைப் பார்த்தேன். நான்கு அம்புக்குறிகளில் இடப்பக்கத்து அம்பு மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது.

காரணம் ஆட்டத்தில் இருந்தது. அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம். பார்வைக்குக் கடையில் விற்கிற சாதாரணக் கார் மாதிரியான வண்டிகள், பெரும்பாலும் முட்டை வடிவத் தடம், எப்போதும் இடப்பக்கமே திரும்பிக்கொண்டு நூற்றுக்கணக்கான சுற்றுகள். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிட அலுப்பான பந்தயம் இருக்க முடியாது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நான் வழக்கப்படி ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டு முன்னால் போன நீல வண்டியைத் தாண்டப் பாய்ந்தேன். கொஞ்ச தூரத்தில் வேகம் செத்து, நாலைந்து வண்டிகள் என்னைத் தாண்டிப் போய்விட்டன.

“சார், வெளிய வராதீங்க. அவனுக்குப் பின்னாடியே ஒட்டுனாப்புல போங்க. காத்த அவன் வாங்கிக்குவான், நீங்க சும்மா போலாம்” என்றான் பையன்.

எங்கே கற்றாய் என்று கேட்டேன். பஸ்ஸுக்குப் பின்னால் மொபெட்டில் போனால் தெரியும் என்றான். அதற்கு மட்டும் திட்டினேன்.

அவன் சொன்னது ஸ்டாக் கார் பந்தயத்தின் அடிப்படை. வேகமாகப் போகிற வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஓர் இடம் உண்டாகும். அங்கே புகுந்துகொள்கிற வண்டிக்கு எதிர்க்காற்று குறைவு. அதே இன்ஜினில் கூடுதல் வேகம் கிடைக்கும். இதைக் கண்டுபிடித்த பெருமை ஜூனியர் ஜான்சன் என்பவருக்குப் போகிறது. இவரும் ஒரு மலைநாட்டுக்காரர். வட கரோலினாவின் வில்க்ஸ் மாவட்டம், 1931-ல் பிறந்தவர், அப்பா கள்ளச் சாராயம் காய்ச்சியவர். சரக்கை ஏற்றிக்கொண்டு இருட்டில், மலை வளைவுகளில், அதிகாரிகளுக்குப் பிடிகொடுக்காமல் ஓட்டிப் பழகிய கை. 1956-ல் அப்பாவின் ஊறல் அருகே பிடிபட்டுச் சிறையும் போனார். அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் பலர் இப்படி வந்தவர்கள்தான். சாராயம் காய்ச்சியவர் எல்லோரையும் வீரராக்கிக் கதை எழுதுகிற அமெரிக்கப் பழக்கம் எனக்கு உவப்பில்லை. மலையடிவாரத்துக் குடும்பங்களுக்குச் சாராயம் என்ன செய்யும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1960 டேடோனா 500 பந்தயத்தில் அவர் செய்தது வேறு விஷயம். அவருடைய ஷெவர்லே வண்டி போன்டியாக் வண்டிகளைவிட வேகம் குறைந்தது. பயிற்சியின்போது ஒரு போன்டியாக்குக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் அதற்கு ஈடுகொடுத்துப் போக முடிகிறது என்று கவனித்தார். பந்தயம் முழுக்க அதையே செய்தார். கடைசிச் சுற்றுகளில் முன்னால் போன போன்டியாக்கின் பின்கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறக்க, வண்டி சுழன்றது. ஜான்சன் ஜெயித்தார்.

இதுவரை கேட்டால், சாமர்த்தியசாலி அடுத்தவர் முதுகில் ஏறிப் போன கதை மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. பின்னால் ஒரு வண்டி நெருங்கி வந்தால் முன் வண்டிக்கும் லாபம் உண்டு. முன் வண்டியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்த காற்றுச் சுழல் அடங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து, தனித்தனியே எட்ட முடியாத வேகத்தில் போகும். 

புதூர்நாட்டில் உட்கார்ந்து இதை யோசித்தால் ஸ்ரீபதி நினைவுக்கு வருகிறார். ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பெண். குழந்தை பிறந்த இரண்டாம் நாள் சென்னைக்குக் காரில் போய் சிவில் நீதிபதி தேர்வு எழுதினார், தேர்வானார். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடே பாராட்டியது. பாராட்டியவர்களில் யாரும் கவனித்ததாகத் தெரியாத ஒன்று, அவருக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொள்ள அந்த மலையில் யாரும் இல்லை என்பது. எந்தப் புத்தகம், எந்தப் பயிற்சி, விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழை எப்படி இணைப்பது என்று கேட்க ஓர் அக்கா இல்லாத பாதை. இப்போது என் வகுப்புப் பெண்களுக்கு ஓர் அக்கா இருக்கிறார். சட்டக் கல்லூரி என்று சொன்னால் வீட்டில் சிரிப்பதில்லை.

இருந்தாலும் முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது எப்போதும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது ஆந்திரக் காவல்துறை. இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மர வேலைக்கு யாரும் தானாகக் கிளம்பிப் போவதில்லை. முன்பே போய் வந்தவர் ஒருவர், கை நிறையக் கூலி என்கிற ஏஜென்ட் ஒருவர், அவருக்குப் பின்னால் ஊரே வரிசையாகப் போகும். முன்னால் போகிறவர் காற்றை மட்டும் மறைப்பதில்லை, பாதையையும் மறைக்கிறார். பந்தயத்திலும் இது உண்டு. ரொம்ப நேரம் ஒட்டிக்கொண்டே போனால் பின் வண்டியின் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது. இன்ஜின் சூடேறிக் கெட்டுப்போகும். அவ்வப்போது விலகி வந்து காற்றை நேரே வாங்கியாக வேண்டும்.

எப்போது ஒட்டுவது, எப்போது விலகுவது? மாணவர்களுக்குச் சொல்ல என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. ஆனால் 2011 டேடோனா பந்தயத்தில் ஓட்டுநர்கள் செய்தது யோசிக்கத் தக்கது. அந்த ஆண்டு இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஓட்டினார்கள். பின்னால் இருப்பவரின் இன்ஜின் சூடேறியதும், முன்னால் இருப்பவர் வழிவிட்டுப் பின்னே போவார். எதிர்க்காற்று இருவருக்கும் முறை வைத்துக் கிடைத்தது. கோடு நெருங்கும்போது ஜோடி பிரியும், அவரவர் பந்தயம் அவரவருக்கு. அதில் யாருக்கும் வருத்தமில்லை. முன்னே இருப்பவர் இடைஞ்சலும் இல்லை, தெய்வமும் இல்லை. முறை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவராக இருந்தால் போதும். என் தலைமுறை இதைக் கற்கவில்லை. நான் படித்து மேலே வந்தபோது எனக்குப் பின்னால் வந்தவர்கள் யார் என்று உண்மையிலேயே எனக்குத் தெரியாது. திரையின் கீழே மறைந்துபோனார்கள்.

ஆகவே இந்த மலையிலிருந்து இறங்கிப் போய்க் கல்லூரியிலோ அலுவலகத்திலோ கடையிலோ இடம் பிடித்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு வருவது சரி. பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்திலும் ஒருமுறை வாருங்கள். கல்லூரி விண்ணப்பத்தை எந்த இணையதளத்தில் போடுவது, எந்தச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைப்பது, விடுதியில் சேர யாரைப் பார்ப்பது, எந்த ஏஜென்ட் சொல்வதைக் கேட்கக் கூடாது என்று பள்ளி வாசலில் நின்று இரண்டு மணி நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். வாத்தியார் நாங்கள் சொன்னால் பாடம் என்று நினைக்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.