பேயுருவைச் சாபமாக்காதீர்கள்

என் அக்கா மகள் கதை எழுதுகிறாள். மாயா தெய்வங்களை வைத்து ஜே.சி. செர்வாண்டிஸ் 2018-இல் வெளியிட்ட ‘தி ஸ்டார்ம் ரன்னர்’ நாவலைப் படித்த வேகத்தில், எங்கள் காரைக்கால் அம்மையாரை, சிவனடியார் புனிதவதியை, நாயகியாக்கிவிட்டாள். மாங்கனி வரவழைக்கும் சக்தி, கணவன் பரமதத்தனின் அச்சம், எல்லாம் சரி. ஆனால் அம்மையாரின் பேயுருவைச் சூனியக்காரியின் சாபம் என்கிறாள். முடிவில் சாபம் நீங்கி அழகு திரும்புகிறது.

அங்கேதான் என் மனம் ஒப்பவில்லை. அடியாரைக் கதாபாத்திரமாக்குவது தவறா? இல்லை. பெரியபுராணத்தில் சேக்கிழாரே கதையாகத்தானே சொன்னார். ஆனால் கணவனே காலில் விழுந்தபின், அவனுக்காகச் சுமந்த சதை இனி வேண்டாமென்று அம்மையார் தாமே சிவனிடம் கேட்டுப் பெற்ற உருவம் அது. சோழர் காலச் செப்புத் திருமேனியைப் பாருங்கள்: விலா எலும்புகள் துருத்த, வற்றிய மார்போடு, கையில் தாளத்துடன் அமர்ந்திருக்கிறார். முகத்தில் ஆனந்தம். அதை நோயாக்கிக் குணப்படுத்தினால் அவருடைய விடுதலையையே பறிக்கிறோம்.

மாயா கதைகளின் நிலை வேறு. 1562-இல் மானி என்ற ஊரில் டியேகோ டி லாண்டா என்ற பாதிரியார் மாயா ஏடுகளைக் கொளுத்தினார். அந்த மரபை எழுதுகிறவர்கள் பல இடங்களைக் கற்பனையால்தான் நிரப்ப வேண்டும். நமக்கோ அம்மையாரின் பாட்டே பதினோராம் திருமுறையில் இருக்கிறது.

எழுதுகிற பிள்ளைகளே, அந்தப் பாட்டை முதலில் படியுங்கள். ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கும் வாருங்கள். சிவன் பிச்சாண்டவராக வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். அவர்களும் உங்கள் வாசகர்கள்தான்.