இரண்டு பத்திரங்கள்

தொண்டையில் புற்றுநோய் என்று உறுதியான வாரம், திருவாலங்காடு ரயில் நிலையத்தில் பழைய கூட்டாளி ஒருவன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவன் கேட்டான்: "இனிமேட்டு இன்னாத்துக்கு மச்சான் கட்டுப்பாடு?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் குடியை விட்டு 11 வருடம் ஆகியிருந்தது. இத்தனை வருடத்தில் என் மனம் கண்டுபிடித்த எந்தச் சாக்கைவிடவும் அவன் கேள்விக்கு வலு அதிகம். உடம்பைக் காப்பாற்றத்தானே குடியை விட்டேன்? அந்த உடம்பே கையை விரிக்கும்போது விரதம் எதற்கு? வண்டி வந்துவிட்டது. பதில் சொல்லாமல் ஏறிக்கொண்டேன்.

கரண்ட் வைப்பது என்று ஊரில் சொல்கிறோமே, அந்தக் கதிர்வீச்சு எனக்கு 35 முறை. வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 7 வாரம். முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலைமூடியைக் கவிழ்த்து, தலை அசையாதபடி மேசையோடு சேர்த்து மாட்டுவார்கள். படுத்திருப்பது சில நிமிடம்தான். ஆனால் அந்தச் சில நிமிடமும் ஓடிப்போக வழி கிடையாது. மூன்றாவது வாரத்தில் எச்சில் விழுங்கினாலே தீக்கங்கு இறங்கியது. இட்லிக்கும் காகிதத்துக்கும் ருசியில் வித்தியாசம் இல்லை.

முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட்டேன்: "சார், நான் குடிநோயாளி." அதனால் வலி மாத்திரை என் கைக்கு வரவில்லை, வேளைக்கு ஒன்றாக மனைவி எண்ணித் தந்தாள். வாய் கொப்பளிக்க ஸ்பிரிட் கலந்த மருந்துக்குப் பதில் உப்பும் ஆப்ப சோடாவும் கரைத்த வெந்நீர்.

மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு சேர்த்தது 1988-ல். பீடியும் சேர்ந்தால் தொண்டைக்கு ஆபத்து பல மடங்கு. பழைய பாக்கியை இப்போது வசூலிக்கிறார்கள் என்று நினைக்க நினைக்கக் குடிக்கும் ஆசைதான் கூடியது. குற்ற உணர்ச்சியைப் போலக் குவார்ட்டருக்கு ஆள் சேர்க்கும் தரகன் வேறில்லை.

வைராக்கியத்தை நான் நம்புவதில்லை. பக்கத்தில் இருக்கும் பழையனூர், கொடுத்த வாக்குக்காக வேளாளர் 70 பேர் தீயில் இறங்கியதாகக் கதை சொல்லும் ஊர். அங்கே நின்று ஒருமுறை குடியை விடுவதாகச் சத்தியம் செய்தேன். இரண்டாம் நாள் கை நடுங்கி, வலிப்பு வந்து விழுந்தேன். வருடக்கணக்காகக் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. சத்தியம் எட்டாத இடத்தில் சிகிச்சை எட்டியது.

ஆனால் கூட்டாளியின் கேள்விக்குச் சிகிச்சையிலும் பதில் இல்லை. எங்கள் திருவாலங்காட்டுக் கோயிலில்தான் இருந்தது. இல்லறம் உடைந்தபின் அழகை உதறி, பேயுருவைக் கேட்டு வாங்கி, காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த ஊர் இது. அவர் இறைவனிடம் கேட்ட வரத்தைச் சேக்கிழார் பாடியிருக்கிறார்: பிறவி வேண்டாம், பிறந்தே ஆகவேண்டுமென்றால் உன்னை மறக்காமல் இருக்க வேண்டும். டாஸ்மாக் கம்பிக்குள் காசை நீட்டி நான் தினமும் கேட்டது இதற்கு நேர்மாறான வரம்.

சாந்தி ரங்கநாதனை நினைத்துக்கொள்கிறேன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 'மாரடைப்பு' என்று சொல்லி மூடிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அவரோ 1980-ல் சென்னையில் தொடங்கிய குடிநோய் சிகிச்சை அமைப்புக்கு டி.டி. ரங்கநாதன் என்று கணவர் பெயரையே வைத்தார். மறக்காமல் இருப்பதே அவருக்கு வேலையாயிற்று.

நான் கரும்பு விவசாயி. திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு வெட்டி அனுப்பியவன். சர்க்கரை போக மிஞ்சும் கழிவுப்பாகில் வடிப்பதுதானே நம் ஊர்ச் சரக்கு? விளைவித்த கையே காசு கொடுத்து அதைத் திரும்ப வாங்கியது. அந்தக் குடிக் கடனில் கீழக் கழனி போனது. வைத்தியச் செலவுக்கு இந்த வருடம் மேலக் கழனியையும் விற்றேன்.

மேலக் கழனிப் பத்திரம் பதிந்த நாளின் ஒவ்வொரு நிமிடமும் என்னிடம் இருக்கிறது. முன்பதிவு டோக்கனைக் கசக்கிக்கொண்டே இருந்த மனைவியின் விரல்கள். கழுத்துத் தோல் கருத்திருந்ததால் துண்டைச் சுற்றிக்கொண்டு கேமராவுக்கு முன் உட்கார்ந்தது, துண்டை எடுக்கச் சொன்னது. வாங்கியவர் தயங்கித் தயங்கி, "அண்ணே, இந்தப் போகக் கரும்பு உங்களதுதான், வெட்டிக்கங்க" என்றது. வீடு திரும்பும் வழியில் இருவரும் பேசாமல் வந்தது.

கீழக் கழனியை விற்ற நாளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பத்திரத்தில் கையெழுத்து என்னுடையது, கோணல்மாணலாக இருக்கிறது. யார் சாட்சி, என்ன பேசினேன், மனைவி அழுதாளா, ஒன்றும் நினைவில்லை.

மச்சான் மறுபடி எதிர்ப்பட்டால் இரண்டு பத்திர நகலையும் காட்டலாம் என்றிருக்கிறேன். மேலக் கழனி போன நாள் இன்னும் வலிக்கிறது. கீழக் கழனி போன நாள் வலிக்கவே இல்லை. அதை இவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.