கறையும் எழுத்தும்

தாயகம் விட்டுத் தொலைவில் வாழும் நம்மவர் இல்லங்களில், பெட்டியின் அடியில் பழந்தாள்கள் சில உறங்குவதுண்டு. பாட்டனார் எழுதிய கடிதம், நிலத்தின் கிரயப் பத்திரம், கடன் சீட்டு, திருமண அழைப்பிதழ் என அவை பலவகைப்படும். ஊரிலுள்ள வீடும் நிலமும் கைமாறிய குடும்பங்களுக்கு, அம்மண்ணோடு தமக்கிருந்த உறவின் சான்றாக எஞ்சி நிற்பவை இவையே.

இத்தாள்களை ஸ்கேன் செய்து கணினியில் சேமிக்கும் நற்பணி இன்று பல இல்லங்களில் நடைபெறுகின்றது. 1990-இல் முதன்முதல் வெளிவந்த ஃபோட்டோஷாப் முதலிய மென்பொருள்களால், பழுப்பேறிய தாளை வெண்மையாக்கலாம். மடிப்பையும் பூச்சி அரித்த துளையையும் மறைக்கலாம். எனின், எதனை நீக்கலாம், எதனை நீக்கலாகாது என்னும் அறவினா இங்கே எழுகின்றது.

முதற்கண், இந்நீக்கம் யாதெனத் தெளிதல் வேண்டும். ஆடையைத் துவைத்தால் அழுக்கின் அடியிலிருந்த நூல் வெளிப்படும். கணினியிலோ, கறைக்கு அருகிலுள்ள தாளின் நிறத்தையும் இழையையும் எடுத்து மென்பொருள் கறையின்மீது பூசுகின்றது. அடியிலிருந்தது வெளிப்படுவதில்லை, அங்கே இருந்திருக்கலாம் என நாம் கருதுவதே வரையப்படுகின்றது. ஆகவே அழிப்பவரும் ஒருவகையில் எழுதுபவரே. எழுதுபவர்க்குப் பொறுப்பு உண்டன்றோ?

தமிழில் இப்பொறுப்பு மிகப் பெரிது. ஒரு புள்ளியே நம் மொழியில் மெய்யெழுத்தைக் காட்டுகின்றது. தாளிலுள்ள சிறு கருமை மைத்துளியோ மெய்ப்புள்ளியோ என்பதனைத் தூசு நீக்கும் கருவி அறியாது. நிலத்தின் அளவில் தசமப் புள்ளி மறைந்தால், 2.50 ஏக்கர் 250 ஏக்கராகிவிடும். கடன் சீட்டில் மறுபக்க எழுத்து நிழலாய்த் தெரிவதைக் குறையெனத் துடைப்போர், அப்பக்கத்தையும் படமெடுத்தனரா என நோக்குதல் வேண்டும். கடனாளி செலுத்திய தொகையைச் சீட்டின் பின்புறம் வரவு வைப்பது வழக்கம். வாங்கியது மட்டும் நின்று, தீர்த்தது மறைந்துவிடின், நாணயத்தோடு வாழ்ந்த முன்னோர்க்கு நாமே பழி சேர்த்தவராவோம்.

மங்கலக் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவுதலும், இறப்புச் செய்தியின் மூலையில் கருமை பூசுதலும் நம் மரபு. படிக்கத் தொடங்கும் முன்னரே இன்பமோ துன்பமோ அறிவித்த குறிகள் அவை. தமிழ் படிக்கக் கல்லாத பேரப்பிள்ளை, மஞ்சளைக் கறையென்றும் பிள்ளையார் சுழியைக் கிறுக்கலென்றும் கொண்டு அகற்றிவிடின், குற்றம் அப்பிள்ளையைச் சாராது. சொல்லித் தராத நம்மையே சாரும்.

அங்ஙனமாயின் ஒன்றையும் தொடாது விடுவதோ? அதுவும் பொருந்தாது. பார்வை மங்கிய மூதாட்டி தம் கணவர் எழுதிய கடிதத்தை மீண்டும் படிக்க வேண்டுமெனின், பூஞ்சைக் கறையை அகற்றித் தருதல் அறமேயாகும்.

இவ்விரண்டுக்கும் இடையே நடுவழி ஒன்றுண்டு. அரசு அலுவலகத்தில் பணிபுரியும் நாம் அதனை நாள்தோறும் காண்கின்றோம். பணிப் பதிவேட்டில் பிழை காணின், அதனைச் சுரண்டி அழித்தல் கூடாது. அதன்மேல் எழுதுதலும் கூடாது. பழைய பதிவு தெரியுமாறு கோடிட்டு, திருத்தத்தை எழுதி, உரியவர் சான்றொப்பமிடல் வேண்டும். ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் (1855–1942), தாம் கொண்ட பாடத்தோடு பாடபேதங்களையும் அடிக்குறிப்பில் தந்தமை இந்நெறியை ஒத்ததே.

ஆதலின், முதற்படத்தைத் தொடாது காத்து, அதன் படியிலேயே திருத்துவோம். திருத்திய படியில் அது திருத்தியதெனக் குறிப்போம். மூலத்தாளை எறியாதிருப்போம். ஒவ்வொரு குறியையும் அகற்றுமுன், இல்லத்து மூத்தோரை அருகிருத்தி, இது என்னவென்று பிள்ளைகள் கேட்கச் செய்வோம். கறையென்று எண்ணியது செய்தியாய் விளங்கும்போது, அப்பிள்ளைகள் தம் குடும்பத்தின் கதையை அறிவர். அதனைப் படிக்கத் தமிழும் கற்பர்.